நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாதல்

தெலங்கானா தனி மாநிலக் கோரிக்கை வலுப்பெற்றிருந்த நாட்களில் "நீள்ளு, நிதுலு, நியாமகாலு" என்னும் மூன்று சொற்கள் மக்கள் நாவில் ஓயாது வழங்கின. நீர், நிதி, பணி நியமனம் என்பது அவற்றின் பொருள். ஆற்று நீருக்கும் அரசு வருவாய்க்கும் நிகராக அரசுப் பணியையும் ஒரு மக்கள் கூட்டம் தன் உரிமையாகக் கருதியது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன. இக்கருத்து திடீரெனத் தோன்றியதன்று. உள்ளூரில் 15 ஆண்டுகள் குடியிருந்தோர்க்கே அரசுப் பணி என்னும் முல்கி விதிகளை நிஜாம் அரசு 1919-இல் வகுத்தது. அவ்விதிகளைக் காக்கக் கோரி 1952-இல் ஐதராபாத்தில் மாணவர் கிளர்ச்சி நடைபெற்றது. 1972-இல் அவ்விதிகள் செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973-இல் ஆறு அம்சத் திட்டம் உருவாயிற்று. அதனையொட்டி அரசியலமைப்பில் 371-டி பிரிவு சேர்க்கப்பட்டது. 1975-இல் உள்ளூர்ப் பணி ஒதுக்கீடு பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்தது. 2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா மாநிலம் பிறந்தது.

இத்தகைய நகரில் அரசுப் பணித் தேர்வு என்பது தனி மனிதரின் முயற்சி மட்டுமன்று. பல குடும்பங்களின் பல்லாண்டுக் காத்திருப்பும் ஆகும். சிக்கடப்பள்ளியிலுள்ள நகர மைய நூலகத்திற்குச் சென்றால் இதனைக் கண்கூடாகக் காணலாம். காலையில் கதவு திறக்குமுன்பே இளைஞர் வரிசையில் நிற்பர். அருகிலுள்ள அசோக் நகரின் தெருக்களில் பயிற்சி நிலையங்களும், சிறு உணவு விடுதிகளும், நகலெடுக்கும் கடைகளும் இவர்களை நம்பியே நடைபெறுகின்றன. எழுத்துத் தேர்வுக்கு அயராது படிக்கும் இவ்விளைஞர்கள், நேர்முகத் தேர்வு என்றவுடன் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் எந்த அளவிற்கு நியாயமானது, அதனை எவ்வாறு வெல்வது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வின் வரலாறு

அரசுப் பணிக்குத் திறமையின் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை நம் நாட்டிற்கு 1855-இல் வந்தது. அவ்வாண்டில்தான் இந்தியக் குடிமைப் பணிக்கான முதல் போட்டித் தேர்வு லண்டனில் நடைபெற்றது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் தேறிய முதல் இந்தியரானார். இந்திய மண்ணிலும் அத்தேர்வை நடத்த வேண்டும் என்னும் கோரிக்கை 1922-இல்தான் நிறைவேறியது. அவ்வாண்டு அலகாபாத்தில் தேர்வு நடந்தது. 1926 அக்டோபர் 1-ஆம் நாள் மத்தியில் தேர்வாணையம் அமைக்கப்பட்டது. மாகாணங்களுள் சென்னை முந்திக்கொண்டு 1929-இல் தனக்கெனத் தேர்வாணையத்தை நிறுவியது. இன்று அரசியலமைப்பின் 315 முதல் 323 வரையுள்ள பிரிவுகள் இவ்வாணையங்களுக்குப் பாதுகாப்பளிக்கின்றன.

குடிமைப் பணித் தேர்வு இன்றுள்ள மூன்று கட்ட வடிவைப் பெற்றது, டி. எஸ். கோத்தாரி குழுவின் பரிந்துரையை ஏற்று 1979-இல் நடந்த மாற்றத்தினால் ஆகும். முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்பன அக்கட்டங்கள். அப்போது மொத்த மதிப்பெண் 2050; அதில் நேர்முகத் தேர்வின் பங்கு 250, அதாவது 12.2 சதவீதம். 1993-இல் கட்டுரைத் தாள் சேர்க்கப்பட்டபோது மொத்தம் 2300 ஆகவும், நேர்முகத் தேர்வு 300 ஆகவும் உயர்ந்தன. 2013 முதல் மொத்தம் 2025. நேர்முகத் தேர்வுக்கு 275. இது 13.6 சதவீதம். பொருளியல் முதுகலைப் பட்டதாரிகள் எழுதும் இந்தியப் பொருளியல் பணித் தேர்வில் எழுத்துத் தாள்களுக்கு 1000, நேர்முகத் தேர்வுக்கு 200; அதாவது ஆறில் ஒரு பங்கு.

ஏழில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ சிறிதுதானே எனத் தோன்றலாம். ஆனால் இங்கு ஒரு கணக்கை மனத்திற்கொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவோர், நிரப்பப்படவுள்ள பணியிடங்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கினர். அவர்கள் அனைவரும் எழுத்துத் தேர்வில் ஒருவரையொருவர் நெருங்கி நிற்பவர்கள். எடுத்துக்காட்டாக, எழுத்துத் தேர்வில் இருவருக்கிடையே 20 மதிப்பெண் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். நேர்முகத் தேர்வில் பின்தங்கியவர் 180-உம், முந்தியவர் 150-உம் பெற்றால் நிலை தலைகீழாகிவிடும். மொத்தத்தில் சிறு பங்காயிருப்பினும், இறுதி வரிசையில் அதன் வலிமை பெரிது.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

இவ்வலிமை தவறாகப் பயன்படக்கூடும் என்னும் ஐயம் நியாயமானதே. இவ்வையத்தை உச்ச நீதிமன்றம் 1980-களில் விரிவாக ஆராய்ந்தது. ஸ்ரீநகரிலுள்ள வட்டாரப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றியது அஜய் ஹாசியா வழக்கு. அங்கு எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடமே பேசினர் என மாணவர் முறையிட்டனர். இத்தகைய சேர்க்கையில் 15 சதவீதத்திற்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என நீதிமன்றம் கூறியது.

அரியானா மாநிலக் குடிமைப் பணித் தேர்வு தொடர்பான அசோக் குமார் யாதவ் வழக்கில் 1985-இல் தீர்ப்பு வெளிவந்தது. அத்தேர்வில் பொதுப் பிரிவினருக்கு மொத்த மதிப்பெண்ணில் 22.2 சதவீதமும், முன்னாள் படைவீரருக்கு 33.3 சதவீதமும் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பணியிடங்களைப் போல 20 மடங்குக்கும் மேலாக, 1300-க்கு மேற்பட்டோர் அழைக்கப்பட்டனர். பொதுப் பிரிவினருக்கு மத்தியத் தேர்வாணையம் அப்போது பின்பற்றிய 12.2 சதவீதமே தக்கது எனவும், பணியிடங்களைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கினரை மட்டுமே அழைக்க வேண்டும் எனவும் நீதிமன்றம் வழிகாட்டியது.

அண்மைக் காலத்தில் இவ்வெல்லை மேலும் சுருங்கியுள்ளது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், சான்றொப்பமிடும் தகுதியற்ற 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டது. தெலங்கானா அரசு 2022-இல் முதல் தொகுதிப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை நீக்கியது. 503 இடங்களுக்கான அறிவிப்பு 900 மதிப்பெண் கொண்ட எழுத்துத் தேர்வை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வெளிவந்தது. ஆயினும் வினாத்தாள் கசிவினால் அதன் முதனிலைத் தேர்வு 2023-இல் ரத்தாயிற்று. மறு தேர்வையும் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. நேர்முகத் தேர்வை நீக்குவதால் மட்டும் நேர்மை உறுதியாகிவிடாது என்பதற்கு இது சான்று. எந்தத் தேர்வு முறைக்கும் அதனை நடத்துவோரின் நாணயமே அடித்தளம்.

எதை அளக்கிறார்கள்?

மத்தியத் தேர்வாணையம் தன் அறிவிப்பில் இக்கட்டத்தை ஆளுமைத் தேர்வு எனக் குறிப்பிடுகிறது. எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அறிவை மீண்டும் சோதிப்பது இதன் நோக்கமன்று. குறுக்கு விசாரணையும் அன்று. இயல்பாகவும் அதே வேளையில் நோக்கத்துடனும் அமையும் உரையாடலே ஆகும். மன விழிப்பு, செய்தியை உள்வாங்கி ஆராயும் ஆற்றல், தெளிவாகவும் முறையாகவும் எடுத்துரைத்தல், சமநிலைத் தீர்ப்பு, பலதுறை ஈடுபாடு, பிறரை இணைத்து வழிநடத்தும் பண்பு, அறிவிலும் ஒழுக்கத்திலும் நேர்மை ஆகியவை அளக்கப்படும் பண்புகள்.

குழுவில் ஆணைய உறுப்பினர் ஒருவர் தலைவராக அமர்வார். உடன் பல துறை வல்லுநர் இருப்பர். விண்ணப்பதாரர் எழுத்துத் தேர்வில் பெற்ற மதிப்பெண் அவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. அவர்கள் முன் இருப்பது விண்ணப்பதாரர் தம் கையால் நிறைவு செய்த விரிவான விண்ணப்பப் படிவம் மட்டுமே. எனவே ஆயத்தம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

விண்ணப்பமே வினாத்தாள்

சில ஆண்டுகளுக்கு முன் சிக்கடப்பள்ளி நூலகத்தில் ஓர் இளைஞர் என்னை அணுகினார். முதன்மைத் தேர்வில் தேறியவர். படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தை வெற்றாக விட்டிருந்தார்.

"ஐயா, இங்கு சுயதொழில் என்று எழுதினால் தவறாகுமா?" என்று கேட்டார்.

"தங்கள் தந்தையார் என்ன செய்கிறார்?"

சற்றுத் தயங்கி, "தறி நெய்கிறார், போச்சம்பள்ளி" என்றார்.

சட்டப்படி சுயதொழில் என்பது பொய்யன்று. ஆனால் அவர் அச்சொல்லைத் தேடியது வெட்கத்தினால். தறியைப் பற்றி எவரேனும் கேட்டுவிடுவார்களோ என அஞ்சினார். அவ்வாறு கேட்பதே அவருக்கு நன்மை என்பதை உணர்த்த எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

போச்சம்பள்ளித் துணியின் சிறப்பு யாது? நெய்த பின்பு அச்சிடுவதன்று. நூலையே கோலத்திற்கேற்பக் கட்டிச் சாயம் தோய்த்து, பின்னர் நெய்கின்றனர். தறியில் நூல் ஓர் இழை பிசகினும் கோலம் கலைந்துவிடும். இத்துணிக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. விசைத்தறியின் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க 1985-இல் நாடாளுமன்றம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டமியற்றியது. அன்று 22 வகைகள். பின்னர் 11 ஆகக் குறைந்தன. ஏன் குறைந்தன? அச்சிட்ட போலித் துணியைக் குறியீடு தடுத்ததா? நூல் விலை ஏறும்போது சுமை யார் தலையில் விழுகிறது: கூட்டுறவுச் சங்கத்தின் மீதா, முதல் போட்டு நெய்விக்கும் வணிகர் மீதா, கூலிக்கு நெய்பவர் மீதா? இவற்றிற்கு விடை காண அவர் நூலகம் செல்லத் தேவையில்லை. தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் போதும்.

அவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1951 ஏப்ரல் 18-ஆம் நாள் ஆசார்ய வினோபா பாவே அங்கு வந்தபோது, நிலமற்றோர்க்காக வேதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலம் வழங்கினார். பூதான இயக்கம் பிறந்தது அவ்வாறே. ஊரின் பெயரே இன்று பூதான் போச்சம்பள்ளி. நிலச் சீர்திருத்தம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிப் பழகிய அவ்விளைஞர், தம் ஊர் மண்ணிலிருந்து ஒரு சொல்லும் சொல்ல ஆயத்தமாயில்லை.

இறுதியில் அவர் படிவத்தில் 'கைத்தறி நெசவாளர்' என எழுதினார். அடுத்த இரு வாரங்களில் தந்தையுடன் அமர்ந்து கணக்கொன்று எழுதினார். ஒரு சேலைக்கான நூல், சாயம், வேலை நாள், விற்பனை விலை, கையில் நிற்கும் கூலி ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. தந்தை தம் தொழிலைப் பற்றி மகனிடம் இவ்வளவு பேசியது அதுவே முதன்முறை என்று பின்னர்க் கூறினார்.

ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தம் படிவத்தின் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட்டு, அதன்மீது எழக்கூடிய வினாக்களைத் தாமே எழுதிப் பார்க்க வேண்டும். பெயரின் பொருள், பிறந்த ஊர், படித்த கல்லூரி, பட்டப் பாடம், பொழுதுபோக்கு, முன்பு பார்த்த வேலை ஆகியன எல்லாம் இதில் அடங்கும். உண்மையில் இல்லாத பொழுதுபோக்கை அழகுக்காக எழுதுவது ஆபத்து. தோட்டக்கலை என எழுதியவரிடம் துளசிக்கு எவ்வளவு வெயில் தேவை எனக் கேட்டால் அவர் விழிக்கக் கூடாது.

வாழும் ஊரை அறிதல்

ஐதராபாத்தில் வாழ்பவர் அந்நகரை ஆளத் தெரிந்தவரா என்பதைக் குழு அறிய விரும்பும். 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆற்று வெள்ளம் நகரை அழித்தது. அதன்பின் நிஜாம் அரசு எம். விசுவேசுவரய்யாவின் ஆலோசனையைப் பெற்றது. வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் வழங்கவும் உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பட்டன. இவை தேதிகள், இவற்றை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. இவற்றிலிருந்து இன்றைய சிக்கலுக்கு வரத் தெரிய வேண்டும்.

அந்நீர்த்தேக்கங்களைச் சுற்றி 10 கிலோமீட்டர் எல்லைக்குள் கட்டடங்களைக் கட்டுப்படுத்தி 1996-இல் மாநில அரசு 111-ஆம் எண் ஆணையை வெளியிட்டது. 84 கிராமங்கள் அதனுள் அடங்கின. 2022-இல் அரசு அக்கட்டுப்பாடுகளை விலக்கும் ஆணையை நிபந்தனைகளுடன் பிறப்பித்தது. "இது சரியா?" என்று குழு கேட்குமானால் எவ்வாறு விடை கூறுவது?

முதலில் செய்தியைச் சுருக்கமாகக் கூற வேண்டும். அடுத்து இரு தரப்பு நியாயங்களையும் தத்தம் வலிமையுடன் எடுத்துரைக்க வேண்டும். நகரம் வளர்ந்து நிலமதிப்பு உயர்ந்தபோது தங்கள் நிலம் மட்டும் முடங்கிக் கிடந்தது என்னும் அக்கிராமத்தாரின் குறை உண்மையானது. நீர்ப்பிடிப்புப் பகுதி மூடப்பட்டால் நீர்த்தேக்கம் வெறும் குட்டையாகும், வெள்ள அபாயமும் மிகும் என்னும் வாதமும் உண்மையானதே. மூன்றாவதாகத் தம் கருத்தைத் தயங்காது கூற வேண்டும். எடுத்துக்காட்டாக, "நகரம் முழுவதும் துய்க்கும் நீருக்கான விலையை 84 கிராமங்கள் மட்டும் தருவது முறையன்று, அவற்றிற்கு இழப்பீடு வழங்கும் நிதியொன்று தேவை. கழிவுநீர் வடிகால் அமையுமுன் கட்டட அனுமதி தரலாகாது" என ஒருவர் கூறலாம். மற்றொருவர் வேறு கருத்துக் கூறலாம். கருத்து எதுவாயினும், பாதிக்கப்படுவோர் யார் என்பதை அவர் மறவாதிருக்கிறாரா என்பதைக் குழு கவனிக்கிறது. இரு பக்கமும் பேசிவிட்டு நடுவில் நின்றுவிடுவது சமநிலை ஆகாது. ஆட்சியர் நாற்காலியில் அமர்ந்தவர் மாலைக்குள் கோப்பில் ஏதேனும் எழுதியாக வேண்டும்.

படித்த பாடத்தை எளிமையாக்கல்

பட்டப் பாடத்திலிருந்து வரும் வினாக்கள் நூலறிவைவிட விளக்கும் திறனையே நாடுகின்றன. பொருளியல் படித்தவருக்கு நான் வழக்கமாகத் தரும் பயிற்சி ஒன்றுண்டு. செகந்திராபாத் மோண்டா சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டி, "பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள், எனக்கு எதுவும் விலை குறையவில்லையே" என்கிறார். கலைச்சொல் ஒன்றும் கையாளாமல் அவருக்கு விடை கூற வேண்டும்.

சென்ற ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள் இவ்வாண்டு 110 ரூபாய். ஏற்றம் 10 சதவீதம். அடுத்த ஆண்டு அது 115 ரூபாய் 50 காசு எனின் ஏற்றம் 5 சதவீதம். வேகம் பாதியாயிற்று, விலை இறங்கவில்லை. வண்டி மெதுவாகச் சென்றாலும் முன்னோக்கியே செல்கிறது. இவ்வாறு விளக்கத் தெரிந்தவர், நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 4 சதவீதத்தை இலக்காகவும், இரு புறமும் 2 சதவீத இடைவெளியையும் 2016-இல் ஏன் அரசு ஏற்றது என்னும் அடுத்த வினாவையும் எதிர்கொள்ள முடியும்.

பாடத்தையும் ஊரையும் இணைப்பது மேலும் சிறப்பு. மருந்துத் தொழில் ஏன் ஐதராபாத்தில் செழித்தது? 1961-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் இங்கு ஓர் ஆலையை அமைத்தது. அதில் பணியாற்றித் தேர்ந்த வேதியியலாளர் சிலர் பின்னர்த் தாமே தொழில் தொடங்கினர். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளில் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. எனவே அதே மருந்தை வேறு வழியில் தயாரிப்பது சட்டத்திற்கு உட்பட்டதாயிற்று. 2005-இல் பொருளுக்கான காப்புரிமை மீண்டும் வந்தது. பொதுத்துறை, சட்டம், மனித ஆற்றல் ஆகிய மூன்றும் இணைந்து ஒரு தொழிலை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் அருமை.

தெரியாததைத் தெரியாது எனல்

1990-களின் நடுவில் நான் ஒரு நேர்முகத் தேர்வில் தோல்வியுற்றேன். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் என்பதைக் கண்ட உறுப்பினர் ஒருவர் பாசனத்தைப் பற்றிக் கேட்டார். அனைத்திந்தியப் பாசனப் பரப்பு, திட்டவாரியாக ஒதுக்கீடு என அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கள் ஊர் ஏரிக்கு எத்தனை மதகு?" என்றார். "மூன்று" என்றேன். எனக்குத் தெரியாது, மூன்று என்பது என் வாயில் வந்த எண். "மூன்றும் இயங்குகின்றனவா?" என்று அடுத்துக் கேட்டார். ஆம் என்பதா இல்லை என்பதா என எண்ணிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் என் பொய் என் முகத்தில் வெளிப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் கேட்கப்பட்ட எதற்கும் என்னால் திடமாக விடை கூற முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஏரிக்கரை நெடுகிலும் நடந்தேன். மதகுகள் இரண்டு. ஒன்று பல ஆண்டுகளாக உடைந்து கிடந்தது. கடைமடை நிலத்தார் ஏன் மணிலாப் பயிருக்கு மாறினர் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர்களுள் என் சிற்றப்பாவும் ஒருவர். அந்த மதகைப் பற்றி அவர் எங்கள் வீட்டில் பலமுறை பேசியிருக்கிறார். நான் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்ததில்லை.

"அறியேன், பார்த்து அறிந்துகொள்வேன்" என்று அன்று கூறியிருந்தால் சில மதிப்பெண் குறைந்திருக்கலாம். இன்று அரசுக் கோப்புகளில் கையொப்பமிடும் நிலையில் அதன் உட்பொருள் எனக்குப் புரிகிறது. தெரியாத எண்ணைத் துணிந்து எழுதும் அலுவலர் ஒருவரால் வறட்சி நிவாரணம் தவறான கிராமத்திற்குச் சென்றுவிடும். எனவே இக்குணத்தைக் குழு வாயிலிலேயே தடுக்க முனைவது சரியே. ஆயினும் எல்லா வினாவிற்கும் தெரியாது எனக் கூறுவதும் நேர்மை ஆகாது. ஓரளவு அறிந்தவர், "உறுதியாகக் கூற இயலவில்லை, இவ்வாறு இருக்கலாம் என ஊகிக்கிறேன்" என அனுமதி கேட்டு விடையளிக்கலாம்.

நடைமுறைக் குறிப்புகள்

முதன்மைத் தேர்வின் முடிவுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையே சில வாரங்களே கிடைக்கும். முதல் வாரத்தைப் படிவத்திற்கும் ஊருக்கும் ஒதுக்குக. இரண்டாம் வாரம் பட்டப் பாடத்தின் அடிப்படைகளுக்கும், அடுத்த வாரம் அண்மை நிகழ்ச்சிகளுக்கும் உரியன. நாள்தோறும் இரு நாளேடுகளின் தலையங்கங்களைப் படித்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் உரக்கக் கூறிப் பழகுக. எழுதிப் பழகிய அறிவு நாவில் வருவதற்குத் தனிப் பயிற்சி தேவை.

மாதிரி நேர்முகத் தேர்வுக்குப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. நண்பர் மூவர் ஒரு மேசையின் மறுபுறம் அமர்ந்தால் போதும்; அவர்களுள் ஒருவர் வேறு பாடம் படித்தவராயிருத்தல் நலம். விடைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் வீண் சொற்களும், முடிவுறாத வாக்கியங்களும் தெரியவரும். ஆனால் விடைகளை நெட்டுருச் செய்தல் கூடாது. அனுபவமுள்ள செவிக்கு அது உடனே புலப்படும்.

மொழியைப் பற்றிய அச்சம் பலரைத் தளர்த்துகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழிலோ தெலுங்கிலோ எழுதியவர் அதே மொழியில் நேர்முகத் தேர்விற்கும் அமரலாம், மொழிபெயர்ப்பாளர் உதவுவார். அப்போது வாக்கியங்களைச் சிறியனவாக அமைத்தல் வேண்டும். ஆங்கிலத்தைத் தேர்ந்தவர் பிறர் உச்சரிப்பைப் போலச் செய்ய முயல வேண்டாம். தெளிவே போதும்.

குடிமைப் பணி நேர்முகத் தேர்வு புதுதில்லி ஷாஜஹான் சாலையிலுள்ள தோல்பூர் மாளிகையில் நடைபெறுகிறது. ஐதராபாத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள் பயணம். ஆகவே முன்னரே சென்று சேர்ந்து ஓய்வெடுத்தல் நலம். அசல் சான்றிதழ்களை முதல் நாளே வரிசைப்படுத்துக. உடை தூயதாகவும் எளியதாகவும் இருப்பின் போதும். புதிய காலணியை அன்றுதான் முதன்முதலாக அணிய வேண்டாம். கடிக்கும் காலணி கவனத்தையும் கடிக்கும்.

குழுவில் அமர்வோர்க்கு

இவ்விதழைப் படிக்கும் அலுவலர் பலர் துறைத் தேர்வுக் குழுக்களில் அமர நேரும். அவர்களுக்கும் ஆயத்தம் தேவை. படிவத்தை முன்னரே படித்திருத்தல் வேண்டும். முதல் இரு வினாக்கள் விண்ணப்பதாரரின் நடுக்கத்தைத் தணிப்பனவாக அமைதல் நன்று. வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கு எளிதாய் வரும் பேச்சு நயத்தை ஆளுமையென மயங்குதல் கூடாது. சிற்றூர் இளைஞர் விடை கூறத் தயங்குவது சிந்திப்பதற்காகவும் இருக்கலாம். ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே கலந்து பேசுவது, ஒருவரது விருப்பு வெறுப்பு மற்றவரைத் தொற்றாது காக்கும். இருபது முப்பது நிமிடத்தில் ஒரு மனிதரை முழுமையாக அளந்துவிட்டதாக எவரும் எண்ணலாகாது.

முடிவுரை

இவ்வளவு ஆயத்தம் செய்தும் தேறாதவர் எப்போதும் இருப்பர். அழைக்கப்படுவோர் இடங்களைப் போல இரு மடங்கு எனின், பாதிப்பேர் திரும்ப வேண்டியவரே. இது கணக்கின் விளைவு, தகுதியின்மையின் சான்றன்று. ஆகவே மாற்று வழியொன்றையும், முயற்சிக்கு ஒரு கால எல்லையையும் ஒவ்வொருவரும் முன்னரே வகுத்துக்கொள்வது அறிவுடைமை.

போச்சம்பள்ளி இளைஞர் அவ்வாண்டு குடிமைப் பணிக்குத் தேர்வாகவில்லை. நேர்முகத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும் எழுத்துத் தேர்வின் குறைவு அவரைப் பின்தள்ளியது. வேறொரு தேர்வின் வழியே இன்று அரசுப் பணியில் இருக்கிறார். தந்தையுடன் எழுதிய கணக்கேட்டை இன்னும் வைத்திருப்பதாகவும், நூல் விலை மாறும்போதெல்லாம் அதில் ஒரு வரி சேர்ப்பதாகவும் அண்மையில் கூறினார். தாம் பிறந்த வீட்டையும், ஊரையும், அங்குள்ளோர் தொழிலையும் கூர்ந்து நோக்கும் இப்பழக்கம் தேர்வறைக்கு மட்டும் உரியதன்று. பணியில் அமர்ந்த முதல் நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை, மனுவுடன் எதிரே நிற்கும் குடிமகனைப் புரிந்துகொள்ள அதுவே துணை செய்யும்.